வெயில் ஒரு கணக்கு, தண்ணீர் வேறு கணக்கு

ஏரி, ஆறு, கடல் என்று திறந்த நீரில் நீந்தும் பழக்கம் வந்த பிறகு என் பைக்குள் வெப்பமானி ஒன்றும் ஏறிவிட்டது. நீளமான கம்பியின் நுனியில் உணரி இருக்கும் சாதாரண டிஜிட்டல் வகைதான், மீன் தொட்டிக்கென்று வாங்கியது. இறங்குவதற்கு முன் காற்றில் ஒரு முறை, தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரு முறை, கம்பி எட்டுகிற ஆழத்தில் ஒரு முறை பார்த்துவிடுவேன். கூட வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "எவ்வளவு காட்டுது?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று எண்களும் ஒத்துப்போன நாள் எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

ஒரே இடத்தில் கிடக்கும் பொருள்கள் எல்லாம் கடைசியில் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும் என்று பள்ளியில் படித்தது பலருக்கும் மனதில் நிற்கிறது. மூடிய அறைக்குள் இருக்கும் மர மேஜைக்கும் இரும்பு நாற்காலிக்கும் அது சரி. வெட்டவெளியில் கிடக்கும் தண்ணீர் விஷயம் வேறு. மேலே வெயில் விழுகிறது. பரப்பிலிருந்து நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. இரவானால் வெப்பம் கதிர்வீச்சாக வானத்தை நோக்கி வெளியேறுகிறது. அடியில் இருக்கும் தரை தன் பங்குக்குக் கொடுக்கவோ வாங்கவோ செய்கிறது. ஓடையும் ஊற்றும் வேறெங்கோ இருந்த சூட்டையோ குளிர்ச்சியையோ கொண்டுவந்து கொட்டுகின்றன. பக்கத்துக் காற்றோடு நேரடியாக நடக்கும் கொடுக்கல் வாங்கல் இத்தனையில் ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் சின்னது. எல்லாம் போக மிஞ்சுவதே நாம் இறங்கும்போது உணரும் சூடு.

இதைப் பார்க்க ஏரி குளம் எதுவும் வேண்டாம், வாயகன்ற இரண்டு பாத்திரம் போதும். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை இறுக்கமாக மூடி, மற்றதைத் திறந்தபடியே வெயில் படாத ஒரு மேஜையில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். நான் பார்த்தபோது அறையின் காற்று 29.4 டிகிரி. மூடிய பாத்திரத்தில் 29.2, திறந்ததில் 27.1. அப்புறம் மின்விசிறியைத் திறந்த பாத்திரத்தின் பக்கம் திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 25.6. அதே அறை, அதே காற்று, அதே குழாய்த் தண்ணீர்.

காரணம் ஆவியாதல். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியை மிச்சமிருக்கும் தண்ணீரிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு போகிறது. நூறு லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு லிட்டர் ஆவியாகி, வெளியிலிருந்து வெப்பம் எதுவும் உள்ளே வராமல் இருந்தால், மிச்சத் தண்ணீரின் சூடு கிட்டத்தட்ட 6 டிகிரி இறங்கிவிடும். வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் எங்கோ ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகி எண் நின்றுவிடுகிறது. எவ்வளவுதான் விசிறினாலும் ஆவியாதல் மட்டும் தண்ணீரை இறக்கக்கூடிய எல்லை ஒன்று உண்டு. அதற்கு ஈரக் குமிழ் வெப்பநிலை என்று பெயர். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அந்த எல்லை அவ்வளவு கீழே போகும். புழுக்கமான நாளில் மின்விசிறி வித்தை பெரிதாகப் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

என் மீன் தொட்டியில் இது நேரடியாகப் பயன்பட்டது. கோடையில் தண்ணீர் 31ஐத் தாண்டியபோது குளிரூட்டும் கருவி எதுவும் வாங்காமல் மேல்மூடியை எடுத்துவிட்டு, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக வீசும்படி பொருத்தினேன். ஒரே இரவில் 28க்கு வந்துவிட்டது. ஒரு தொல்லை உண்டு. நீர்மட்டம் மளமளவென்று இறங்கும், உப்புகள் மட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் ஈடு செய்ய ஊற்றுவது உப்பு நீக்கிய தண்ணீராக இருப்பது நல்லது. நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ். சூடாக்கிய குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது. அதற்கு ஒரு விரிப்பு போட்டு மூடினாலே பெரிய மிச்சம்.

அடுத்தது தண்ணீரின் பிடிவாதம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4,190 ஜூல் வேண்டும், ஒரு கிலோ காற்றுக்கு 1,000 ஜூல் போதும். எடைக்கு எடை பார்த்தால் நாலு மடங்குதானே என்று தோன்றும். இடத்துக்கு இடம் பார்த்தால்தான் விஷயம் புரியும்: ஒரு கனமீட்டர் தண்ணீருக்குத் தேவைப்படும் வெப்பம் ஒரு கனமீட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல சுமார் 3,500 மடங்கு. அனல் காற்று ஒரு நாள் வீசினால் நமக்கு மேல் எரியும், ஏரி அதைக் கண்டுகொள்ளாது.

அதனால் தண்ணீர் எப்போதும் பருவத்துக்குப் பின்தங்கியே வரும். வடக்கு மிதவெப்ப நாடுகளில் சூரியன் உச்சத்துக்கு வருவது ஜூன் 21 வாக்கில், கடல் உச்ச சூட்டைத் தொடுவதோ ஆகஸ்டிலும் செப்டம்பரிலும். இதில் ஆபத்தான பாதி வசந்தத்தில் இருக்கிறது. காற்று 25 டிகிரி, பளிச்சென்று வெயில், எல்லோரும் கரையில். தண்ணீர் மட்டும் இன்னும் குளிர்காலத்திலேயே இருக்கும்.

அப்படி ஒரு நாளில் பனி உருகி வரும் ஏரி ஒன்றில் இறங்கினேன். வெப்பமானி 13 காட்டியது. எண் தெரிந்துதான் இறங்கினேன், மெதுவாகத்தான் இறங்கினேன். நெஞ்சளவு போனதும் மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது, வெளியே விட முடியவில்லை. இதயம் தடதடவென்று அடித்தது. தரையில் கால் ஊன்றி நின்றிருந்ததால் காத்திருக்க முடிந்தது. ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு தானாகச் சீரானது. இதைக் குளிர்நீர் அதிர்ச்சி என்கிறார்கள், தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தாலே இது தீவிரமாக வரலாம். இதே சமயத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் முதல் மூச்சே தண்ணீராகப் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்குவதற்கு இது ஒரு காரணம். எனவே பழக்கமில்லாத குளிர்ந்த நீரில் தலைகீழாகப் பாயவே கூடாது. தவறி விழுந்துவிட்டால் உடனே நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும்வரை பொறுக்க வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த விளையாட்டுக்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

கடற்கரையில் மணல் காலைச் சுட, தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே கதைதான். கூடுதலாக ஒன்று: மணலில் வெயில் மேலோடு நின்றுவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. அத்தனை வெப்பமும் சில சென்டிமீட்டர் மணலுக்கே போவதால் அது கொதிக்கிறது. தண்ணீரில் ஒளி உள்ளே போகிறது, அலையும் புரட்டிப் போடுகிறது. நடுராத்திரியில் போய்ப் பாருங்கள், மணல் குளிர்ந்துவிட்டிருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர் பகலில் இருந்த எண்ணிலேயேதான் ஏறக்குறைய நிற்கிறது.

ஆழம் உள்ள ஏரிகள் பக்கம் வந்தால் விஷயம் சுவாரசியமாகிறது. கோடையில் ஒரு ஏரியின் நடுவே படகிலிருந்து கம்பியை இறக்கிப் பார்த்தேன். மேலே 26.8. ஒரு மீட்டரில் 26.5. மூன்று மீட்டரில் 25.9. சரி, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தபோது நான்கில் 21.3, ஐந்தில் 16.7. இரண்டே மீட்டரில் 9 டிகிரி காணாமல் போயிருந்தது. நேராக நின்று மிதந்தால் தோளுக்குக் கோடை, பாதத்துக்குக் குளிர்காலம் என்று ஆவதற்கு இந்த அடுக்குதான் காரணம்.

சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ பாதி முதல் மீட்டருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. சூடான நீர் லேசானது, அதனால் மேலேயே தங்கிவிடுகிறது. காற்று அடித்துக் கலக்கினால் கொஞ்ச ஆழம் வரை கலங்கும், அதற்குக் கீழே கனமான குளிர்ந்த நீர் கலக்க மறுத்துப் படுத்திருக்கும். நடுவில் சூடு தடாலென்று இறங்கும் ஒரு மெல்லிய அடுக்கு. கலங்கலான நீரில் ஒளி இன்னும் மேலேயே நின்றுவிடுவதால் மேல்பரப்பு அதிகம் சூடாகும், அடி இன்னும் குளிர்ந்திருக்கும். ஆகவே கரையோரம் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நம்பி நடு ஏரியில் முக்குளிக்கப் போகிறவர், கீழே வேறு தண்ணீர் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்று அடித்த மறுநாள் ஏரியைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பலமான காற்று மேலே இருக்கும் சூடான நீரை ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும், எதிர்க்கரையில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஒரே ஏரியில் ஒரே காலையில் ஒரு கரையில் 24ம் மறு கரையில் 18ம் பார்த்திருக்கிறேன். குளிர் தாங்காதவர்களோடு போனால் காற்று எந்தக் கரையை நோக்கி வீசியதோ அந்தக் கரைக்கே அழைத்துப் போவேன். அன்று காலை கரைக்குக் கரை 6 டிகிரி வித்தியாசம், காற்றின் வெப்பநிலையோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதையே கடல் பெரிய அளவில் செய்கிறது. பெரு நாட்டுக் கரையை ஒட்டிக் காற்று தொடர்ந்து வீசி மேல்நீரை விலக்க, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 12 டிகிரி தெற்கே இருக்கும் லிமா நகரின் கடல் வருடத்தின் பெரும்பகுதி 20 டிகிரிக்குக் கீழேதான். அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் 1802ல் அந்தக் கடலில் வெப்பமானியை இறக்கி, வெப்ப மண்டலத்தில் இவ்வளவு குளிர்ந்த நீரா என்று குறித்துவைத்தார். இன்று அந்த நீரோட்டத்துக்கு அவர் பெயர். அவருக்கு முன்பே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1775ல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது கடல்நீரின் சூட்டை அளந்துகொண்டே வந்தார். வட அமெரிக்கக் கரையை ஒட்டி ஓடும் சூடான வளைகுடா நீரோட்டத்துக்குள் கப்பல் நுழைந்ததும் எண் ஏறியது. கயிற்றில் வெப்பமானி கட்டும் ஆட்களுக்கு நல்ல பரம்பரை இருக்கிறது.

மேலே சூடு, கீழே குளிர் என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. நன்னீர் மிக அதிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகிவிடும். அதனால்தான் உறைந்த ஏரியில் பனிக்கட்டி மேலேயும் 4 டிகிரித் தண்ணீர் அடியிலும் இருக்கிறது, மீன்கள் பிழைக்கின்றன. இன்னும் விசித்திரமானது இன்றைய ருமேனியாவில் சோவாட்டா பக்கம் உள்ள மெட்வே என்ற உப்பு ஏரி. அங்கே கோடையின் முடிவில் 1.32 மீட்டர் ஆழத்தில் 70 டிகிரி வரை சூடு இருந்ததாக கலெசின்ஸ்கி என்ற விஞ்ஞானி 1902ல் எழுதினார். அடிநீரில் உப்பு அதிகம், சூடானாலும் அந்தக் கனம் அதை மேலே வர விடாது. மேலே இருக்கும் உப்புக் குறைந்த அடுக்கு போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூரிய வெப்பக் குளங்கள் என்று இன்று கட்டப்படுபவை இந்த யோசனையில்தான் வேலை செய்கின்றன. நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் காலை வைக்கும் முன் கம்பியைத்தான் வைப்பேன்.

கிணற்றுத் தண்ணீர் கோடையில் குளிர்கிறது, குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆழக் கிணறு ஒன்றில் பருவத்துக்குப் பருவம் அளந்து பார்த்தேன், எண் ஒரு டிகிரிகூட நகரவில்லை. பகல் இரவு மாற்றம் மண்ணுக்குள் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். பருவ மாற்றம் 10, 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குக் கீழே மண்ணின் சூடு அந்த இடத்தின் வருட சராசரியை ஒட்டி அப்படியே நிற்கும். பாரிஸ் வானாய்வகத்தின் நிலவறை சுமார் 28 மீட்டர் ஆழம். அங்கே 18ஆம் நூற்றாண்டிலேயே வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள், கோடையானாலும் குளிரானாலும் 12 டிகிரியை ஒட்டியே இருந்தது.

அப்படியானால் நாம் உணரும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நம் தோலிலிருந்து. தோலின் சூடு சுமார் 33 டிகிரி. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 26 டிகிரிக் காற்றில் சட்டையில்லாமல் சுகமாக உட்கார்ந்திருப்பவர் 26 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடலாம். கை வெயிலில் இருந்து வருகிறதா, குளிரில் இருந்து வருகிறதா என்பதைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். எனவே குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரையோ மீனுக்கு மாற்றும் தண்ணீரையோ விரலை விட்டுப் பார்த்து முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன்.

ஆறுகளில் அடுக்கு அதிகம் இருக்காது, ஓட்டம் கலக்கிவிடும். ஆழம் குறைந்த ஆறு விடியலில் மிகக் குளிர்ந்தும் பிற்பகலில் மிகச் சூடாகவும் இருக்கும். முழங்கால் அளவில் நடக்கும்போது திடீரென்று ஒரு இடம் மட்டும் ஜில்லென்று இருந்தால் அடியில் ஊற்று இருக்கிறது என்று அர்த்தம். அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில்தான் ஜாக்கிரதை வேண்டும். பல அணைகள் அடிமட்டத்திலிருந்து நீரைத் திறக்கின்றன, அதாவது ஏரியின் அந்தக் குளிர்ந்த பாதி. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணை 1963ல் நீரைத் தேக்கத் தொடங்கியது. முன்பு கோடையில் 25 டிகிரிக்கு மேல் ஓடிய ஆறு, அணையை ஒட்டிய பகுதியில் பல ஆண்டுகள் கோடையிலும் 10 டிகிரி அளவில் ஓடியது. சூடான நீரில் முட்டையிட்டுப் பழகிய அந்த ஆற்று மீன்களுக்கு அது பெரிய அடி.

மீன் என்றதும் இன்னொன்று. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள், அப்புறம் காற்றுக் குழாயை.

அளப்பதில் நான் கடைப்பிடிக்கும் சில வழக்கங்கள். காற்றை முதலில் அளப்பேன், உணரி ஒருமுறை நனைந்துவிட்டால் அதன்மேல் உள்ள ஈரம் ஆவியாகி, காற்றின் சூட்டைச் சில டிகிரி குறைத்துக் காட்டும். காற்றை நிழலில் அளக்க வேண்டும், வெயிலில் வைத்தால் உணரி தன் சூட்டைத்தான் சொல்லும். தண்ணீரைக் கரையோரச் சேற்றில் அளக்கக் கூடாது. விரலளவு ஆழமுள்ள அந்த விளிம்பு பகலில் பொய்யாகச் சூடு காட்டும், விடியலில் பொய்யாகக் குளிர் காட்டும். இடுப்பளவு ஆழத்துக்குப் போய், எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து படிக்க வேண்டும்.

கைபேசிச் செயலிகள் கடலின் வெப்பநிலையைச் சொல்கின்றன, பயணம் திட்டமிட அது போதும். அகச்சிவப்பில் பார்க்கும் செயற்கைக்கோள் காண்பது கடலின் மேலே ஒரு முடியின் தடிமன்கூட இல்லாத தோலை மட்டும்தான். ஆவியாதலால் அந்தத் தோல் கீழே உள்ள நீரைவிடப் பெரும்பாலும் சற்றே குளிர்ந்திருக்கும். அதைச் சரிசெய்து, பல கிலோமீட்டர் பரப்புக்குச் சராசரி போட்டுத்தான் நமக்கு ஓர் எண் வருகிறது. நேற்று இரவு காற்று திசை மாறியதா, நீங்கள் இறங்கப்போகும் குடாவுக்குள் ஆறு ஒன்று வந்து விழுகிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்காது. அதற்குக் கம்பியை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.